ரிஜெக்ட் மாமாவும் ஒரு மெடல் நாடாவும்

என் அக்காவின் கணவருக்கு மில்லில் வைத்த பெயர் ரிஜெக்ட். வீட்டில் நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவர் காதில் விழாத தூரத்தில் நாங்களும் ரிஜெக்ட் மாமா என்றுதான் சொல்லுவோம். நூல் மில்லில், பேக்கிங் பிரிவில் வேலை. கூம்பு மாதிரி சுற்றிய நூலை அங்கே கோன் என்பார்கள். பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் அந்தக் கோன்களை ஓர் இருட்டறைக்குள் கொண்டுபோய் நீல விளக்கில் காட்ட வேண்டும். ஒரே ரகத்து நூல் என்றால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். வேறு ரகம் ஏதாவது கலந்திருந்தால் அது மட்டும் நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளுவது மாமாவின் உத்தியோகம். வாழ்நாள் முழுக்க இருட்டில் நின்று குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர்.

அந்தப் புத்தி வீட்டுக்கு வரும்போது செருப்போடு வாசலில் நிற்குமா? அக்கா வாங்கிவந்த தக்காளி ரிஜெக்ட். நான் என் எலெக்ட்ரிக் கடைக்கு எழுதி மாட்டிய பெயர்ப் பலகை, ஓர் எழுத்து சாய்ந்திருந்ததால் ரிஜெக்ட். டீயில் சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "ம்ஹும்" என்பார். அந்த ஒரு "ம்ஹும்"மில் அக்காவுக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்படிப்பட்டவருக்கு மெடல் நாடாப் பைத்தியம் பிடித்தது எப்படி என்றால், ஒரு பழைய சாமான் கடையில். பூட்டு வாங்கப் போன இடத்தில், பூச்சி அரித்த ராணுவக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியிருக்கிறது. நெஞ்சுப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன நாடாத் துண்டுகள், வெளுத்துப்போய். இவர் சும்மா இருப்பாரா, தையலைப் பிரித்து ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்பக்கம் வெயிலே படாததால் நேற்று நெய்த மாதிரி சிவப்பும் பச்சையும் அப்படியே இருந்ததாம். பூட்டை மறந்துவிட்டுக் கோட்டோடு வீட்டுக்கு வந்தார். நாப்தலின் வாடை அடங்கும்வரை அக்கா அவரிடம் பேசவில்லை.

மெடல் சேர்க்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. மெடல் தொங்கும் நாடாவை மட்டும் சேர்க்கிறவர் எனக்குத் தெரிந்து மாமா ஒருவர்தான். "மெடலை எவன் வேணா அச்சுல ஊத்திடலாம் மாப்ளே. நெசவுல பொய் சொல்ல முடியாது," என்பார் என்னிடம். மகளின் போட்டோ ஒட்டுவதற்கு வாங்கிய ஆல்பங்களில் நாடாக்கள் குடியேறின. ஒவ்வொன்றுக்கும் வயது சொல்லுவார். பட்டு என்றால் ஒரு காலம், ரேயான் என்றால் அதற்குப் பிந்தியது, பாலியெஸ்டர் என்றால் நம் காலம். கரை எப்படி முடிந்திருக்கிறது, கோடுகளின் அகலம் எவ்வளவு, சாயம் பக்கத்துக் கோட்டில் கசிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீல விளக்கு. மில்லில் புதுசு வாங்கியபோது பழசைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். பழைய காலத்து நூல் அந்த விளக்கில் செத்த மாதிரி மங்கிக் கிடக்கும். பிற்காலத்து நூலில் வெளுப்பு மருந்து சேர்த்திருப்பதால் பளீரென்று எரியும். எரிந்தால் போலி. மாமாவுக்கு இதில் மேல் முறையீடே கிடையாது.

வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போடுவார். அசல் என்று சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இருக்கும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். போலி என்று சொல்லும்போது அது ஒரு படி கூடுதலாக இருக்கும். வந்தவர் முகம் தொங்கிப் போவதை இவர் கவனித்தே நான் பார்த்ததில்லை.

அக்காவின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சம்பந்தியம்மா ஒரு சாது. அதிர்ந்து பேசமாட்டார். அவர் பிறந்த வீடு கொஞ்சம் இல்லாத வீடு. வாக்கப்பட்ட இடத்தில் எல்லாரும் படித்தவர்கள், ஆளுக்கொரு நாற்காலி உத்தியோகம். அவர் கணவரின் அண்ணன், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், சம்பந்தியம்மாவை "மிலிட்டரி வீட்டுப் பொண்ணு" என்று கிண்டலாகத்தான் கூப்பிடுவார். காரணம் உண்டு. சம்பந்தியம்மாவின் அப்பா பெரிய போருக்குப் போய்க் கால் நொண்டித் திரும்பியவர். பிறகு ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தே செத்துப்போனார். அவர் விட்டுப்போனது ஒரு மெடல். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துக் கூடத்தில் மாட்டியிருந்தார் சம்பந்தியம்மா. அந்த வீட்டில் அவர் பிறந்த வீட்டுப் பொருள் என்று கூடத்துக்கு வந்தது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பாங்குப் பெரியவர் பல் குத்திக்கொண்டே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நீங்கதான் இதுல பெரிய எக்ஸ்பர்ட்டாமே. எங்க மிலிட்டரி வீட்டு மெடலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தன் அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே அன்றைக்குத்தான் போலிருக்கிறது. "அப்பாவுக்குக் குத்திவிட்டப்போ இருந்த அதே நாடாதாங்க அண்ணா. மாத்தினதே இல்ல," என்றார்.

இந்த இடத்தில் மாமா வாயை மூடிக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்கும்மா," என்று சொல்லியிருக்கலாம். எந்த மனுஷனும் அதைத்தான் சொல்லுவான். இவர் பையைத் திறந்து நீல விளக்கை எடுத்தார். சம்பந்தி வீட்டு விருந்துக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள். ஜன்னல் திரையை இழுக்கச் சொன்னார். சட்டத்தை ஆணியிலிருந்து இறக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றவில்லை, நாடாவை விரலால் தொடக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே விளக்கைப் பிடித்தார்.

நாடாவின் வெள்ளைக் கோடு நீலமாகப் பற்றி எரிந்தது.

"ம்ஹும்," என்றார் மாமா.

"என்ன சம்பந்தி?"

"இது போர்க்காலத்து நாடா இல்லீங்க. ரொம்பப் பின்னாடி வந்தது. நாடாவை மாத்தியிருந்தாங்கன்னா பரவால்ல, மெடல் அசலா இருக்கலாம். மாத்தவே இல்லேன்னா..." கொஞ்சம் நிறுத்தி, நியாயம் தீர்க்கிறவர் மாதிரி சொன்னார். "மெடல்ல பேரும் இல்ல. கடைல செட்டா விக்கிறதுதான். யார் வேணா வாங்கி மாட்டிக்கலாம்."

திரையை யாரோ விலக்கினார்கள். பாங்குப் பெரியவர் சிரித்தார். "அப்போ உன் மாமனார் போருக்குப் போனாரா, இல்ல கடைக்குப் போனாரா?" என்று தம்பியின் தோளில் தட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் அதில் ஒருவன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். சம்பந்தியம்மா யாரையும் பார்க்கவில்லை. கழுத்து வரை சிவந்து, தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார். பிறகு, "காபி கலக்குறேன்," என்று உள்ளே போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமாதான் பேசிக்கொண்டே வந்தார். "உள்ளதைத்தானே சொன்னேன்? கேட்டாங்க, சொன்னேன்." யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்கடுத்த வாரம் மகளிடமிருந்து போன். நான் அப்போது அக்கா வீட்டில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, அத்தை அந்த நாடாவை எரிச்சுட்டாங்கப்பா. சட்டத்தையும் கழட்டிட்டாங்க. பின்பக்கம் தகர டப்பால போட்டுக் கொளுத்தியிருக்காங்க. முடி கருகுன மாதிரி வீடெல்லாம் ஒரே நாத்தம். என்னமோ ஏதோன்னு நான் ஓடினேன்."

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "என்ன மாதிரி நாத்தம்?"

"முடி கருகுன மாதிரி."

"பிளாஸ்டிக் உருகுன மாதிரி இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்லப்பா. முடிதான். ஏன்?"

பட்டு எரிந்தால்தான் முடி கருகும் வாடை வரும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சொட்டும், பிளாஸ்டிக்காக நாறும். இது மாமாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சந்தேகம் வந்த நாடாக்களில் ஓரத்து இழை ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டி முகர்ந்து பார்க்கிறவர். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒரே ஓர் இழையை உருவியிருந்தால் போதும்.

"பட்டுன்னா விளக்குல எப்படி அந்த எரி எரியும்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? அடுப்படியிலிருந்து அக்காதான் குரல் கொடுத்தாள். "அந்தம்மா துவைச்சிருப்பாங்க."

"நாடாவை யாராவது துவைப்பாங்களா?"

போனில் மகள் பதில் சொன்னாள். "ஆமாப்பா, துவைப்பாங்க. அவங்கப்பா செத்த நாள்ல வருஷா வருஷம் கழட்டி, சோப்புத் தூள்ல அலசி, நெழல்ல காயவெச்சு மாட்டுவாங்க. நானே பார்த்திருக்கேன்."

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "வெளுப்பு மருந்து சோப்புத் தூள்லயும் இருக்கும்ல? டிவில நாளெல்லாம் அதைத்தானே கத்துறான், வெள்ளையைவிட வெள்ளைன்னு. உங்க பனியனே அந்த விளக்குல எப்படி எரியுது?"

"பனியன் புதுசுடி. மில்லுலயே மருந்து போட்ட துணி. அதனால..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார்.

யோசித்தால் புரிகிறது. மில்லில் துவைத்த நூல் வருவதில்லை. பழைய சாமான் கடை நாடாவை எவரும் துவைப்பதில்லை. வீட்டிலோ, மாமா தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்த ஆள் இல்லை. கழற்றிப் போட்டது மறுநாள் மடித்து அலமாரியில் இருக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்பது அவர் விளக்கு வெளிச்சம் போகாத இடம்.

ஆல்பத்திலிருந்து ஒரு பட்டு நாடாவை எடுத்தார். அவரே நல்ல பழசு என்று முத்திரை குத்தியது, விளக்கில் மங்கிக் கிடந்தது. குளியலறைக்குக் கொண்டுபோனார். "தூள் எவ்வளவு போடணும்?" என்று அங்கிருந்து கேட்டார். அக்கா கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அலசிக் காயவைத்து, மறுபடியும் அலசிக் காயவைத்து, சாயங்காலம் திரையை இழுத்து விளக்கைப் போட்டார். வெள்ளைக் கோடு நீலமாக எரிந்தது. மாமா விளக்கை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மனுஷனைச் செத்த பிறகு பொய்யனாக்கிட்டேன் மாப்ளே," என்றார். "அவர் பொண்ணு கையாலயே கொளுத்த வெச்சுட்டேன்."

அடுத்த சில நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் நாடாவோடு வந்தபோது, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் வேண்டும் என்றும் இருந்தது. போய்ச் சொல்லிவிடுங்கள் என்று அக்கா தினமும் முள்ளாகக் குத்தினாள். "எந்த மூஞ்சியோட போறது?" என்பார். "இருக்கிற மூஞ்சியோட," என்பாள்.

கடைசியில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு கவர். ஆல்பத்திலேயே நல்ல நாடா, அதே போர், அதே கோடுகள், அசல் பட்டு. சம்பந்தியம்மா தனியாகத்தான் இருந்தார். கூடத்துச் சுவரில் சட்டம் இருந்த இடம் மட்டும் பெயின்ட் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா, நான் சொன்னது தப்பு. உங்கப்பா நாடா அசல். நீங்க துவைச்சதாலதான் அது விளக்குல அப்படி எரிஞ்சிருக்கு. எனக்கு அது தோணல. என்னை மன்னிக்கணும்."

சம்பந்தியம்மா சுவரில் அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு, "அப்போ எங்கப்பா பொய் சொல்லலையா?" என்று கேட்டார். சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது.

"இல்லம்மா."

"நான்தான் அவரை நம்பல," என்றார். "ராத்திரியெல்லாம் அவர் சொன்ன கதைய ஒவ்வொண்ணா நெனச்சு, இதுவும் பொய்யா, அதுவும் பொய்யான்னு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாமா கவரை நீட்டினார். "அதே நாடாம்மா. மெடல்ல கோத்து மாட்டிக்குங்க. ஒரு வித்தியாசமும் தெரியாது."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது யாரோடது?"

"அதே போர்தாம்மா. அதே வருஷம். கரையைப் பாருங்க, அந்தத் தறியில..."

"வருஷம் கேக்கலண்ணா. யாரு போட்டிருந்தது?"

ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்தவர், ஒன்றுக்குக்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சம்பந்தியம்மா நாடாவைப் பழையபடி கவரில் வைத்து அவரிடமே கொடுத்தார். கோபமே இல்லை. "யாரோ ஒருத்தரோட அப்பாவோடது. எனக்கு வேண்டாம். நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதே மாதிரி எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லிடுங்க. அது போதும்."

அதைச் செய்ய மாமா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மகள் வயிற்றுப் பேரனின் முதல் பிறந்த நாள் வந்தது. அதே கூடம், அதே ஆட்கள், கூடக் கொஞ்சம் பேர். கேக் வெட்டி முடிந்ததும் மாமா எழுந்தார். சட்டை முதுகில் வியர்வை ஒட்டியிருந்தது.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு இதே இடத்துல சம்பந்தியம்மாவோட அப்பா மெடல் நாடாவைப் போலின்னு சொன்னேன். அது என் தப்பு. அது அசல். அவர் போருக்குப் போனவர்தான். எனக்குப் பார்க்கத் தெரியல."

மாமா சோப்புத் தூள் கதையை ஆதியோடந்தமாக விளக்கினார். வெளுப்பு மருந்து, முடி கருகும் வாடை, குளியலறையில் தான் அலசிப் பார்த்தது எல்லாம். கேட்டவர்கள் முகத்தில் ஒரு கனிவு பரவிக்கொண்டே வந்தது. பாங்குப் பெரியவர் எழுந்து வந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தின்னா இப்படி இருக்கணும். அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தன் பேரையே விட்டுக்கொடுக்குறீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, மனசு இல்லீங்க. நெஜமாவே அசல்."

"புரியுது, புரியுது," என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். "நாங்க இனிமே அதைப் பத்திப் பேசவே மாட்டோம். போதுமா?"

"நான் சொல்றதக் கேளுங்க. அதை எரிச்சப்போ..."

"அதான் எரிச்சாச்சே. முடிஞ்சுபோச்சு. விடுங்க."

மாமா குரலை உயர்த்தினார். உயர்த்த உயர்த்த அவர்களுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. யாரோ கை தட்டினார்கள். காட்டுவதற்கு நாடா இல்லை, சாம்பல்கூட இல்லை. சம்பந்தியம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் பெருந்தன்மையாக அவரைப் பார்த்துச் சிரித்தபோது, அவரும் சிரித்து வைத்தார். பிறகு எச்சில் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாவும் அக்காவும் முன் சீட்டில். நானும் என் மனைவியும் பின்னால். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். என் மனைவி என் காதோடு கேட்டாள், பஸ் அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்ததால் அது எல்லாருக்கும் கேட்டது.

"ஏங்க, நெஜமாவே அது அசல்தானா? இல்ல உங்க மாமா சும்மா சொல்றாரா?"

மாமா திரும்பவில்லை. பின்கழுத்தும் காதும் ரத்தமாகச் சிவந்தன. நான் அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே, "அசல்தான்டி, நானே கூட இருந்து பார்த்தேன்," என்றேன். அப்படியே நடந்ததுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது, அவர் மனம் நோகக் கூடாதென்று நானும் சொல்வது மாதிரியே அது இருந்தது.